உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உணவு முறை: முதல் வாரம் முதல் ஆயுள் வரை கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து, தண்ணீர் அருந்தலாம் என மருத்துவர் அனுமதித்ததும் நோயாளியின் கையில் தரப்படுவது, இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கும் அளவிலான ஒரு சிறு கோப்பை. அதில் இருப்பது சுமார் 30 மில்லி லிட்டர் தண்ணீர். அதையும் ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. சிறுசிறு மிடறுகளாக, பத்துப் பதினைந்து நிமிடங்கள் எடுத்துக்கொண்டு பருக வேண்டும். முந்தைய வாரம் வரை ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தவருக்கு, அந்தச் சிறு கோப்பையே நெஞ்சு வரை நிறைந்துவிட்ட உணர்வைத் தரும்.

அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மருத்துவமனையிலிருந்து சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம். ஆனால், அதற்குப் பிறகு சாப்பிடக் கற்றுக்கொள்வதற்கு மாதங்கள் ஆகின்றன. அதில் சில விதிகள் ஆயுள் முழுவதும் தொடர்கின்றன. சிகிச்சையின் பலன் நிலைப்பதும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேராமல் இருப்பதும் இந்த இரண்டாவது பகுதியைப் பொறுத்தே அமைகின்றன.

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதத்தினரும், ஆண்களில் 22.9 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இந்த விகிதம் முறையே 40.4 சதவீதமாகவும் 37 சதவீதமாகவும் உள்ளது. இவர்கள் அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவை என்பதல்ல. எனினும், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்துகள் ஆகியவை பலன் தராத நிலையில் இச்சிகிச்சையை நாடுவோருக்கு, பிந்தைய உணவு முறை குறித்த தெளிவு முன்கூட்டியே இருப்பது அவசியமாகிறது.

வயிற்றுக்குள் நிகழும் மாற்றம்:

இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு வகைகள். ‘ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி’ எனப்படும் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதப் பகுதி வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குறுகிய குழாய். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கும் மேற்பகுதியும் இதில் நீக்கப்படுவதால், தொடக்க மாதங்களில் பசியே எடுக்காமல் போவதுண்டு. ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதி, சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளளவு கொண்ட சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலேயே கீழே இறங்கிவிடும். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அந்தத் தொடக்கப் பகுதிதான் என்பது கவனிக்கத்தக்கது.

திரவத்திலிருந்து திட உணவுக்கு:

வெட்டி இணைக்கப்பட்ட இடம் ஆறுவதற்கு நேரம் தர வேண்டும் என்பதால் உணவு படிப்படியாகவே மாற்றப்படுகிறது. முதல் ஓரிரு நாட்கள் தண்ணீர், இளநீர், வடிகட்டிய சூப் போன்ற தெளிந்த திரவங்கள். அடுத்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை மோர், சர்க்கரை சேர்க்காத பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், பாலில் கலந்த புரதப் பொடி. அதன்பின் கூழ் போல மசித்த பாசிப்பருப்பு, கட்டியின்றிக் கடைந்த தயிர், மசித்த பன்னீர், குழைய வேகவைத்த முட்டை. நான்காவது வாரத்தையொட்டி மென்மையான உணவுகளும், ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவும் தொடங்கப்படும். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் கால அளவு சற்று மாறுபடும். எந்த அட்டவணை தரப்பட்டதோ அதையே பின்பற்ற வேண்டும். இணையத்தில் கண்ட வேறொன்றுடன் அதைக் கலக்கக் கூடாது.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு ‘உடம்பு தேற வேண்டும்’ என்ற அக்கறையில் அரிசிக் கஞ்சி, சவ்வரிசிக் கூழ், பழச்சாறு, சர்க்கரை கலந்த சத்து பானம் ஆகியவை கொடுக்கப்படுகின்றன. இவை தொண்டையில் எளிதாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால், இவற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையுமே. காயம் ஆறவும், எடை வேகமாகக் குறையும்போது தசை கரையாமல் இருக்கவும் தேவைப்படும் புரதம் அவற்றில் மிகக் குறைவு.

புரதக் கணக்கு:

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 கிராம் வரை புரதம் தேவை என்று பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு வேளைக்கு அரைக் கோப்பை உணவு மட்டுமே கொள்ளும் வயிற்றில் இதை எப்படி நிறைவேற்றுவது? இரண்டு இட்லி உண்டால் வயிறு நிறைந்துவிடும். கிடைக்கும் புரதமோ ஏறக்குறைய 4 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம், 100 மில்லி லிட்டர் பாலில் 3 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளது. அசைவம் உண்போருக்கு மீனும் கோழி இறைச்சியும் கைகொடுக்கும். முட்டையும் தவிர்க்கும் சைவ உணவாளர்களுக்கு, முதல் சில மாதங்கள் புரதப் பொடியின்றி இந்த இலக்கை எட்டுவது கடினம். இதைச் செயற்கை உணவு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால், இந்தக் காலகட்டத்தில் அது மருந்துக்கு நிகரானது.

எனவே, தட்டில் உள்ளவற்றில் முதலில் உண்ண வேண்டியது புரதம். பருப்பு, பன்னீர், முட்டை, மீன் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சாப்பிட்ட பின் காய்கறி. அதற்கும் பிறகு இடமிருந்தால் சோறு அல்லது ரொட்டி. தலைமுறைகளாகச் சோற்றை நடுவில் வைத்து மற்றவற்றைத் தொட்டுக்கொள்ளப் பழகியவர்களுக்கு இந்த வரிசை மாற்றமே மிகக் கடினமாகத் தோன்றும். உலர்ந்த சப்பாத்தி, கட்டியான சோறு, நார் நிறைந்த இறைச்சி ஆகியவை குறுகிய பாதையில் சிக்கிக்கொள்வதாகப் பல நோயாளிகள் உணர்கின்றனர். இவற்றைத் தாமதமாகவும் குழைவாகவும் தொடங்குவதே நல்லது.

மெல்லுதலும் தண்ணீரும்:

ஒவ்வொரு கவளத்தையும் 20 முதல் 30 முறை மெல்ல வேண்டும். ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, சிறிய கிண்ணம், தேநீர்க் கரண்டி ஆகியவற்றைப் பயன்படுத்துவது உதவும். உணவுடன் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, உண்ட பின் அரை மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். அதே வேளையில், நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர் உள்ளே செல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் மருத்துவமனைக்கு வர நேர்வதற்கான முக்கியக் காரணங்களில் நீரிழப்பும் ஒன்று. சோடா போன்ற வாயு நிறைந்த பானங்கள் வேண்டாம்.

போதும் என்று வயிறு சொல்லும் விதமும் மாறிவிடும். பழைய ‘வயிறு நிறைந்த’ உணர்வுக்குப் பதிலாக நெஞ்சின் நடுவே ஓர் அழுத்தம், விக்கல், திடீரென மூக்கில் நீர் வடிதல் ஆகியவை தோன்றலாம். அதற்கு மேல் ஒரு கரண்டி உண்டாலும் வாந்தியில் முடியக்கூடும்.

வாந்தியை அலட்சியப்படுத்தக் கூடாது:

அவசரமாக உண்டதால் ஒருமுறை வாந்தி வருவது வேறு. நாள்தோறும் தொடர்வது வேறு. ‘ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும்’ என்று வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்வோர் உண்டு. இதில் மறைந்திருக்கும் ஆபத்து பலருக்கும் தெரிவதில்லை. வைட்டமின் பி1 எனப்படும் தயமினை உடலால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. வாந்தியால் உணவும் மாத்திரையும் உள்ளே தங்காதபோது இச்சத்து விரைவில் தீர்ந்து, மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும் ‘வெர்னிக்கி’ நோய் ஏற்படலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கண்கள் கட்டுப்பாடின்றி அசைவது, பேச்சிலும் நினைவிலும் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றல் இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

சோர்ந்து விழுந்தவரை அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது வழக்கமாக முதலில் ஏற்றப்படுவது குளுக்கோஸ். தயமின் குறைபாடு உள்ளவருக்கு அதைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமடையலாம். ஆகவே, நோயாளிக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்பதையும், பல நாட்களாக வாந்தி இருப்பதையும் உடன் செல்பவர் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். சிகிச்சை விவரச் சீட்டின் நகலைக் கைப்பேசியில் வைத்திருப்பது எளிய முன்னெச்சரிக்கை.

வீடு திரும்பிய முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தையல் இட்ட இடத்தில் கசிவு அல்லது இரத்தக் கட்டியின் அறிகுறியாக அவை இருக்கலாம்.

இனிப்பு உண்டால் வியர்ப்பது ஏன்?

பைபாஸ் செய்துகொண்டவர்கள் குலாப் ஜாமூன், லட்டு போன்ற இனிப்பை உண்ட அரை மணி நேரத்துக்குள் வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் அவதிப்படலாம். சர்க்கரை திடீரெனச் சிறுகுடலுக்குள் கொட்டப்படுவதால் நிகழும் இதை ‘டம்பிங்’ என்கின்றனர். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகையாகச் சுரந்து இரத்தச் சர்க்கரை தாழ்வதும் உண்டு. கை நடுக்கமும் மயக்கமும் வரும்போது மீண்டும் இனிப்பை மட்டும் நாடினால், அதே சுழற்சி திரும்பத் தொடங்கும். உடனடி நிவாரணத்துக்குச் சிறிதளவு சர்க்கரை எடுத்தாலும், தொடர்ந்து புரத உணவு உண்பதும், இது அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பதும் அவசியம்.

ஆயுள் முழுவதும் மாத்திரைகள்:

பல்சத்து மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றை மருத்துவர் கூறும் அளவில் தொடர வேண்டும். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றின் உறிஞ்சுதலை மற்றொன்று தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்வதும் பயனற்றது. பி12 குறைபாடு சைவ உணவாளர்களிடம் சிகிச்சைக்கு முன்பே காணப்படும் ஒன்று. கல்லீரலில் உள்ள சேமிப்பு தீரும் வரை அது வெளியே தெரியாது. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துக் கால் மரத்துப்போகும்போது, பழைய அறுவை சிகிச்சையுடன் அதைத் தொடர்புபடுத்திப் பார்க்கப் பலருக்கும் தோன்றுவதில்லை. முதலாண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும், பின்னர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்வது இதனால்தான்.

மூன்றாம் மாதத்தையொட்டி முடி கொத்தாக உதிரத் தொடங்கும். திடீர் எடை இழப்புக்கு உடல் காட்டும் எதிர்வினை இது. புரதமும் இரும்புச்சத்தும் போதிய அளவில் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளரும்.

பழைய மருந்துகளும் மறு ஆய்வுக்கு உட்பட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்களிலேயே இன்சுலின் தேவை வெகுவாகக் குறையலாம். முந்தைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி நிவாரணிகள் இணைப்புப் பகுதியில் புண்ணை உண்டாக்கக்கூடும். புகைப்பிடித்தலும் அவ்வாறே. மது முன்பைவிட வேகமாகவும் அதிகமாகவும் போதையேற்றும். பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகளின் செயல்திறன் குறையலாம் என்பதால் மாற்று வழியைக் கேட்டறிவது நல்லது.

விருந்தும் விரதமும்:

சமூக வாழ்க்கையில்தான் உண்மையான சோதனை. ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று உபசரிப்பதை அன்பாகக் கருதும் நாட்டில், இரண்டு வாய் உண்டுவிட்டு எழுவது அவமதிப்பாகப் பார்க்கப்படுகிறது. அறுவை சிகிச்சை செய்ததை உறவினரிடம் மறைப்பவர்கள் இந்த நெருக்கடியில் அளவு மீறி உண்டு அவதிப்படுகின்றனர். வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதை அவசரமாக உண்ணும் வழக்கம், நேரம் தவறாமல் நிதானமாகப் புரதம் உண்ண வேண்டிய ஒருவருக்குச் சற்றும் பொருந்தாது. இதைக் குடும்பத்தினர் அறுவை சிகிச்சைக்கு முன்பே அமர்ந்து பேசிவிட வேண்டும். ஏகாதசி, நவராத்திரி விரதங்களும் ரமலான் நோன்பும் நீண்ட நேரம் நீரோ உணவோ இன்றி இருப்பதைக் கோருபவை. முதல் ஓராண்டுக்குள் இவற்றை மேற்கொள்ள நினைப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஓராண்டுக்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும். கோழித் துண்டு தங்கும் வயிற்றில், ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் தடையின்றி வழுக்கிச் செல்லும். மிக்சரும் சிப்ஸும் மென்றால் கரைந்துவிடும். தொலைக்காட்சி முன் அமர்ந்து நாள் முழுவதும் கொறிப்பவர்களுக்குச் சிறிய இரைப்பை எந்தத் தடையும் ஏற்படுத்தாது. எடை சற்றே ஏறுவது இயல்புதான். அது தொடர்ந்தால், வெட்கப்பட்டு மறு பரிசோதனையைத் தவிர்ப்பதே பெரிய தவறாகிவிடுகிறது.

காப்பீடு குறித்து ஒரு தகவல்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, உடல் நிறை குறியெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடும் சர்க்கரை நோய், இதய நோய் போன்ற இணை நோய்கள் உள்ளவர்களுக்கும் மருத்துவர் பரிந்துரையுடன் இச்சிகிச்சைக்கான செலவைக் கோர இடமுண்டு. ஆனால், வீடு திரும்பிய பின் வாங்கும் புரதப் பொடி, சத்து மாத்திரைகள், ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் நோயாளியையே சேரும். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன், இந்த மாதாந்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.