24 வோல்ட்டில் ஒரு தொலைக்காட்சி

பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கும் பிறை தொழிற்பேட்டைக்கும் போகிற லோரிகளில் சில, முறை வரும்வரை புக்கிட் மெர்தாஜாம், ஜூரு பக்கம் ஒதுங்கி நிற்கும். ஓட்டுநருக்கு அன்றிரவு கேபின்தான் வீடு. அங்கே ஒரு சிறிய தொலைக்காட்சி வைக்க நினைப்பவர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்: அலை எப்படி உள்ளே வருகிறது, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது.

மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முழுமையாக முடிந்தது. இப்போது டிஜிட்டல் ஒளிபரப்பில் டிவி2-இன் தமிழ்ச் செய்தியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கைக் காலடியில் கொண்ட ஜெராய் மலையில் ஒளிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. 1,217 மீட்டர் உயர மலை என்பதால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கு அலை நேராகவே வந்துவிடும். ஆனால் ஊருக்குப் பெயர் தந்த குன்றின் தெற்கு அடிவாரத்தில் லோரியை நிறுத்தினால் அந்தக் குன்றே மறைக்கும்.

கேபினின் இரும்புக் கூடும் அலையைத் தடுக்கும். கண்ணாடி வழியே நுழைவது கொஞ்சம்தான். உலோகம் கலந்த டின்டட் ஒட்டியிருந்தால் அதுவும் குறையும். ஆகவே ஆன்டெனாவைக் கூரைக்கு வெளியே வைக்க வேண்டும். இந்த அலைகளின் நீளம் சுமார் அரை மீட்டர். பக்கத்து லோரிகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், சற்றுத் தள்ளி வலுப்படுத்தும். ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தியதும் படம் வந்துவிடுவது இதனால்தான். டிஜிட்டலில் மங்கல் படம் என்று ஒன்று இல்லை. அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

அடுத்தது மின்சாரம். 24 அங்குல எல்இடி தொலைக்காட்சிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். 24 வோல்ட்டில் அது 1.25 ஆம்பியர்; மூன்று மணி நேரம் பார்த்தாலும் நான்கு ஆம்பியர்மணியைத் தாண்டாது. 100 ஆம்பியர்மணி பெட்டரிக்கு இது பெரிய சுமையல்ல.

சிக்கல் இணைப்பில் இருக்கிறது. கனரக லோரியில் இரண்டு 12 வோல்ட் பெட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். தொலைக்காட்சிக்கு 12 வோல்ட்தானே என்று ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால், அது மட்டும் இறங்கும். மறுநாள் ஆல்டர்னேட்டர் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டத்தைத்தான் செலுத்தும். இறங்கிய பெட்டரி நிரம்பாமல் அதன் தகடுகளில் சல்பேட் படியும். மற்றது அளவுக்கு மீறி ஏறி நீரை இழக்கும். சில மாதங்களில் இரண்டுமே கெடலாம். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரை இரண்டு பெட்டரிக்கும் சேர்த்து, ஃபியூஸுடன் பொருத்துவதே முறை. இன்வெர்ட்டர் வைத்து 240 வோல்ட்டுக்கு ஏற்றி, தொலைக்காட்சியின் அடாப்டரில் மீண்டும் 12-க்கு இறக்கினால் இரு முறையும் மின்சாரம் வெப்பமாக வீணாகும்.

பெட்டரிக்குப் பயந்து எஞ்சினை ஓடவிடுவது இதைவிட மோசம். நின்ற இடத்தில் ஓடும் பெரிய லோரி மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டரில் சுமார் 10,000 வாட்மணி ஆற்றல் உண்டு. இரண்டு லிட்டர் என்றே வைத்தாலும் 20,000 வாட்மணி எரிகிறது. தொலைக்காட்சி கேட்பதோ 30.