நகர்க்குச் செல்லுங்கால்

ஊர் காணும் வேட்கை மக்கட்கு இயல்பானது. கடற்கரையையும் கோளரங்கையும் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் காண வேண்டிச் சென்னைக்குச் செல்லும் மாணவர் ஆண்டுதோறும் பலர். அவர்கள் கண்டு மகிழ வேண்டியவை பற்றிக் கூறுவோர் பலர் உளர். ஆதலின் யான் காத்துக்கொள்ள வேண்டியவை பற்றியே இங்குக் கூறப் புகுந்தேன்.

புதிய நகரில் புகுவார்க்கு ஏதம் நேர்தல் இன்று தோன்றியதன்று. மதுரைக்காஞ்சி மாடமதுரையின் வளத்தை விரித்துரைக்கும் நூல். அந்நூலே அந்நகரில் நள்ளிரவில் திரியும் கள்வரையும், அவரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் உடன் கூறுகின்றது. அதே மதுரையிற்றான் சிலம்பு விற்கச் சென்ற கோவலன், நூறு கொல்லர் பின்வர நடந்துவந்த பொற்கொல்லன் ஒருவனைக் கண்டான். அவனது கோலத்தைக் கண்ட அளவிலேயே, இவன் பாண்டியனிடம் வரிசை பெற்றவன் எனத் தானே துணிந்தான்; அவன் சொற்படி அவன் குடிலருகே காத்துமிருந்தான். அரசியின் சிலம்பைக் கவர்ந்த அப்பொற்கொல்லனோ, அரண்மனை சென்று கோவலனையே கள்வன் என்றான். வந்தவன் யாவன் என வேறொருவரைக் கோவலன் வினவியிருப்பின் காப்பியமே வேறாகியிருக்கும்.

இதனை நன்கு கற்றிருந்த யானும் ஏமாந்தேன். 1978-ஆம் ஆண்டு, தமிழ் பயிலும் பொருட்டுச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்தேன். தங்க வேண்டிய சத்திரத்தின் முகவரியை என் ஆசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். புகைவண்டி நிலைய வாயிலில் வெண்ணிற வேட்டி உடுத்த ஒருவர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். ஊரைச் சொன்னேன். "அடடே! என் மாமனார் ஊருக்குப் பக்கமல்லவா!" என்றார். சத்திரம் பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டுள்ளதென்றும், வேறிடத்தில் ஓர் அறைதான் எஞ்சியுள்ளதென்றும், விரைந்து வரவேண்டுமென்றும் கூறிப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டார். மறுநாட் காலையில் அவரும் இல்லை. கல்விக் கட்டணம் வைத்திருந்த பெட்டியும் இல்லை. தேடிச் சென்று பார்த்தேன். நிலையத்திலிருந்து நூறடித் தொலைவில் அச்சத்திரம் திறந்தே இருந்தது.

அவர் யாது செய்தார் என்று பின்னர்ப் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. என் ஊரை என் வாயாலேயே அறிந்து, அதனைக் கொண்டே உறவு கொண்டாடினார். யான் செல்லவிருந்த இடத்தை இல்லையென்றார். எண்ணிப் பார்க்கப் பொழுது தரவில்லை. இன்றும், "நீங்கள் காணவந்த இடம் இன்று மூடியுள்ளது, வேறிடம் காட்டுகிறேன்" என்பாரைப் பெருநகரங்களிற் காணலாம். அத்தகையோர்க்கு ஒரு புன்னகையே போதும். நேரே சென்று வாயிலைக் கண்ணாற் பார்த்துவிடுக. வழி தெரியாவிடின், தாமே வந்து கூறுவாரை விடுத்து, நிலைய அலுவலரையோ கடையில் அமர்ந்திருப்பாரையோ நீவிரே தேடிச் சென்று வினவுக.

மற்றொரு சூழ்ச்சி நுட்பமானது. வங்கியினின்று வெளிவருவோர் முன்னர்ச் சில பத்து ரூபாய்த் தாள்களைச் சிதறவிட்டு, "உங்கள் பணம் விழுந்துவிட்டது" என்பான் ஒருவன். குனிந்து பொறுக்கும் கணத்தில் அருகிலுள்ள பை மற்றொருவன் கைக்குப் போய்விடும். சட்டையில் அழுக்கை எறிந்து, கழுவிக்கொள்ளுமாறு பரிவுடன் கூறுவதும் இவ்வகையினதே. முதலில் பையைப் பற்றுக, பிறகு குனிக.

ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசித் தெளிக. 2013-ஆம் ஆண்டில் தமிழக அரசு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும், அதன்மேல் கிலோமீட்டர் ஒன்றுக்கு 12 ரூபாயும் என வரையறுத்தது. கணக்கு அறிந்தவனிடம் மிகையாகக் கேட்க எவர்க்கும் தயக்கம் உண்டாகும். ஓட்டுநர் அனைவரும் வஞ்சகர் என எண்ணிவிடற்க. பயணிகள் தவறவிட்ட நகையைத் தேடிவந்து ஒப்படைத்தோரும் அவருள் உளர். கைப்பேசி வழியே பணம் பெறுவதற்கு மறைவெண் வேண்டுவதில்லை. செலுத்துவதற்கே அது வேண்டும். ஆதலின், "பணம் அனுப்புகிறேன், மறைவெண்ணை இடு" என்பவன் பணம் எடுப்பவனே.

குழுவாகச் செல்வோர், பிரிய நேரின் கூடுமிடம் ஒன்றை முன்னரே குறித்துக்கொள்க. சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டு போல, எவரும் காட்டத்தக்க இடமாக அது இருத்தல் நன்று.

பொருளை இழந்தபின் என் பிழை இழப்பினும் பெரிதாயிற்று. பெட்டி வண்டியில் தவறிவிட்டதென்று வீட்டிற்கு எழுதினேன். அக்கட்டணத்திற்காக என் தாயார் அடகு வைத்த வளையல்கள் மீளவேயில்லை. இன்று 112 என்னும் எண் காவலரை அழைக்கும். 1098 சிறுவர்க்கு உதவும். புகைவண்டிப் பயணத்தில் 139 துணையாகும். கைப்பேசி வழியே பணம் பறிபோயின் 1930-க்கு உடனே தெரிவித்தால், அப்பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்தவும் கூடும். எனக்கு அந்நாளில் இவை இல்லை. ஆயினும் காவல் நிலையம் இருந்தது. வெட்கத்தால் தலைகுனிந்து, அதன் வாயிலை நாள்தோறும் கடந்தே கல்லூரிக்குச் சென்றுவந்தேன்.