பிறர் வகுத்த வழியும் புதியவர் நடையும்

எந்தக் கலையைக் கற்கப் புகுவோரும் தொடக்கத்திலேயே ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். முன்னே சென்றவர் வகுத்த வழியை அடியொற்றிச் செல்வதா? அன்றித் தாமே தட்டித் தடவி வழி காண்பதா? பழமையான இவ்வினா, இன்று நம் பிள்ளைகள் ஈடுபட்டிருக்கும் கணினி விளையாட்டுகளிலே மிகத் தெளிவான உருவத்தில் எழுந்து நிற்கின்றது. பிள்ளை கணினியின் முன் அமர்ந்து, விளையாடாமல், எண்களும் விழுக்காடுகளும் நிறைந்த நீண்ட கட்டுரையொன்றை ஊன்றிப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்த பெற்றோர் பலர் இருப்பர். அக்கட்டுரை யாது? புதிதாக ஆடப் புகுந்தவர் அதனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவையே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

'பில்ட்' என்பது யாது?

சில விளையாட்டுகளில் ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் உரியது. அப்பாத்திரம் பகைவரை வெல்லுந்தோறும் அனுபவம் பெற்றுப் படிப்படியாக உயரும். ஒவ்வோர் உயர்விலும் சில புள்ளிகள் கிடைக்கும். அவற்றை உடல் வலிமைக்கு இடுவதா, வித்தைகளுக்கு இடுவதா, எந்தக் கவசத்தை அணிவது, எந்தப் படைக்கலத்தை ஏந்துவது என்பனவற்றை ஆடுவோரே தீர்மானித்தல் வேண்டும். இத்தீர்மானங்கள் யாவும் சேர்ந்து அமையும் உருவத்தையே ஆட்டக்காரர் 'பில்ட்' என வழங்குவர். இன்னவாறு அமைத்தல் நன்று என்று அனுபவம் மிக்க ஒருவர் காரணத்தோடு எழுதி வைப்பது பில்ட் வழிகாட்டி எனப்படும்.

இவ்வழிகாட்டிகள் பல இடங்களிலே கிடைக்கின்றன. 1995ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கேம்ஃபாக்ஸ் என்னும் இணையத்தளத்தில், படமோ அலங்காரமோ இன்றி, வெறும் எழுத்துகளாலான நீண்ட குறிப்புகளை ஆட்டக்காரர்கள் எழுதிச் சேர்த்தனர். பின்னர் ஒவ்வொரு விளையாட்டிற்கும் தனித்தனியே இடங்கள் தோன்றின. 'லீக் ஒஃப் லெஜென்ட்ஸ்' ஆடுவோர் மொபாஃபயர் என்னும் தளத்தில் எழுதுகின்றனர். படிப்போர் அவற்றுக்கு வாக்களித்துத் தரம் பிரிக்கின்றனர். 'டோட்டா 2' என்னும் ஆட்டத்திலோ வழிகாட்டி ஆட்டத்தின் உள்ளேயே அமைந்திருக்கின்றது. வாங்கவேண்டிய பொருள்களைக் கடையிலேயே எடுத்துக் காட்டுகின்றது. யூடியூப்பில் காணொளியாக வெளியிடுவோரும் பலர். எழுத்தாக வந்த வழிகாட்டியின் கீழே பிறர் குறை கூறித் திருத்துவதற்கு இடமுண்டு. காணொளியாக வெளியிட்டபின் ஓரிடத்தை மட்டும் மாற்றுதல் எளிதன்று. எங்கே வெளியாயிற்று என்பதையும் நோக்கவேண்டுமென்பது இதனாலே புலனாகும்.

தவறின் விலை

வழிகாட்டியை நம்பலாமா என்னும் வினாவுக்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. தவறு செய்தால் அதற்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை முதலில் கணித்தல் வேண்டும். இதனை விளக்குவதற்கு 'டயப்லோ' என்னும் விளையாட்டின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

அத்தொடரின் இரண்டாம் பாகத்தை அமெரிக்க நிறுவனமாகிய பிளிசார்ட் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்டது. அதில் ஒவ்வொரு வகைப் பாத்திரத்திற்கும் 30 வித்தைகள் உண்டு. ஒரு படி உயர்ந்தால் வித்தைக்கென ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஒரு வித்தையில் 20 புள்ளிகள் வரை இடலாம். எல்லையாகிய 99ஆம் படியை எட்டி, இடையிலுள்ள பணிகளையும் முடித்தவருக்குக்கூட மொத்தம் 110 புள்ளிகளே சேரும். எனவே, எல்லா வித்தைகளையும் எவரும் கைக்கொள்ள இயலாது. சிலவற்றைத் தெரிந்து பலவற்றை விடுதல் வேண்டும். இட்ட புள்ளியைத் திரும்பப் பெறுவதற்கும் அக்காலத்தில் வழியில்லை.

மந்திரக்காரியை ஆட எடுத்த புதியவர் ஒருவர், தீ வித்தைகளிலேயே புள்ளிகள் அனைத்தையும் இட்டார் எனக் கொள்வோம். முதல் நிலையில் அவர் எளிதாக வெல்வார். 'நரகம்' எனப்படும் மூன்றாம் நிலைக்குச் சென்றாலோ, தீயினால் சிறிதும் ஊறு எய்தாத பகைவர் பலர் எதிர்ப்படுவர். அங்கே அவர் திகைத்து நிற்பார். பல வார உழைப்பு வீணாகப் புதிய பாத்திரத்தோடு முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகும். இவ்விளைவுக்கு அஞ்சியே அன்றைய ஆட்டக்காரர் பலர், சிறந்த வித்தைகள் திறக்கும் 30ஆம் படி வரையில் புள்ளிகளைச் செலவிடாது சேர்த்து வைத்தனர். இத்தகைய ஆட்டத்தில் வழிகாட்டியை நாடியவரைச் சோம்பேறி எனல் தகுமோ? ஆழந்தெரியாத ஆற்றில் இறங்குவோர் ஊராரிடம் துறை கேட்பது போன்றதே அது.

2010ஆம் ஆண்டிலே வந்த திருத்தத்தினால், நிலையொன்றுக்கு ஒருமுறையாக மூன்று முறை புள்ளிகளை மீளப்பெறும் வாய்ப்பு வழங்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பாகத்திலோ வித்தைகளை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விலையே இல்லை. இங்ஙனம் தவறின் விலை குறையக் குறைய, வழிகாட்டியைப் பற்றி நிற்கவேண்டிய தேவையும் குறைந்து வந்தமை தெளிவு. விலையில்லாத் தவறுக்கும் அஞ்சிப் பிறர் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருப்போர், தாமே காணக்கூடிய இன்பத்தை வீணே இழக்கின்றனர்.

நியூசிலாந்திலே ஆக்கப்பெற்று 2013ஆம் ஆண்டு வெளியான 'பாத் ஒஃப் எக்ஸைல்' இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் ஆற்றல் மரம் எனப்படும் வரைபடத்தில் 1,300க்கு மேற்பட்ட கணுக்கள் உள்ளன. அவற்றுள் நூற்றுச் சொச்சம் கணுக்களையே ஒருவர் கொள்ளலாம். கொண்டதை விடுவதற்கும் வழியுண்டு. ஆனால் அதற்குப் பொருள் செலவிடல் வேண்டும். சிறு பிழை திருத்தக்கூடியது. பெரும் பிழை திருத்துவதற்கரியது. அங்கே புதியவருக்கு வழிகாட்டி ஊன்றுகோலாகத் துணை செய்கின்றது.

வழிகாட்டி காணாதவை

எத்துணைச் சிறந்த வழிகாட்டியாயினும் அது காண இயலாதவை மூன்று உண்டு. முதலாவது, காலத்தின் மாற்றம். டயப்லோ இரண்டாம் பாகத்தில் 2003ஆம் ஆண்டு ஒரு பெருந்திருத்தம் செய்யப்பட்டது. ஒரு வித்தையில் இடும் புள்ளி, அதற்கு உறவான வேறொரு வித்தையையும் வலுப்படுத்தும் என்னும் புதுவிதி அன்று புகுந்தது. அதுவரை, இடைப்பட்ட சிறு வித்தைகளில் ஒரு புள்ளிக்கு மேல் இடுதல் வீண் எனப் போதித்த வழிகாட்டிகள் பல அன்றோடு பயன் குன்றின. பாத் ஒஃப் எக்ஸைலில் ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பருவம் தொடங்குகின்றது. பருவந்தோறும் சில வித்தைகள் தாழ்த்தப்படும், சில உயர்த்தப்படும். ஆதலால் வழிகாட்டி எழுதுவோர் பதிப்பெண்ணைத் தலைப்பிலேயே குறிப்பது வழக்கம். 3.25 என்பது 2024 யூலையில் தொடங்கிய பருவத்தின் எண். அவ்வெண்ணை நோக்காது படிப்போர், சென்ற ஆண்டின் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இவ்வாண்டு நாட்பார்ப்பவரை ஒப்பர்.

இரண்டாவது, படிப்போரின் வறுமை. வழிகாட்டி எழுதுவோர் ஆட்டத்தில் ஊறியவர், செல்வம் சேர்த்தவர். டயப்லோவிலே பாலடின் என்னும் வீரனின் சம்மட்டி வித்தை பெரும்புகழ் வாய்ந்தது. அதற்குரிய வழிகாட்டிகள் 'எனிக்மா' என்னும் கவசத்தை அணியுமாறு கூறும். அதனை ஆக்குவதற்கு ஜா, இத், பெர் என்னும் மூன்று ரூன் கற்கள் வேண்டும். இத் எளிதிற் கிடைக்கும். ரூன் வரிசை முப்பத்துமூன்றில் பெர் 30ஆவது, ஜா 31ஆவது. நெடுநாள் ஆடியும் இவற்றுள் ஒன்றைக்கூடக் காணாதோர் பலர். 'இதனை அணிக' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்; அந்த வரிக்கும் புதியவருக்கும் இடையிலுள்ள தொலைவு பல மாதங்கள். பொருளில்லாத தொடக்க நாளில் எதைக் கொண்டு சமாளிப்பது என்பதைச் சொல்லும் வழிகாட்டியே புதியவருக்கு உரியது. ஏனைய பிற்காலத்துக்கு ஆகும்.

மூன்றாவது, எதிரே நிற்பவர். டோட்டா 2 ஐவருக்கு ஐவர் எதிர்நின்று ஆடுவது. எதிரணியில் ரிக்கி என்னும் வீரன் உளனாயின், அவன் கண்ணுக்குப் புலப்படாது திரிவான். அவனை வெளிப்படுத்தும் பொடியை வாங்குதல் வேண்டும். முன்னரே எழுதப்பட்ட பட்டியல் இன்று எதிரே நிற்பவர் யாவர் என்பதை அறியாது. பட்டியல் காட்டிய வாளையே வரிசை பிறழாது வாங்கிக்கொண்டிருக்கும் புதியவர், கண்ணுக்குத் தெரியாத கையால் மீண்டும் மீண்டும் வீழ்வார். 'வழிகாட்டியில் உள்ளபடியே செய்தேன்' என்று அவர் கூறுவது உண்மையாகலாம். ஆட்டம் அதற்காக நிற்காது.

ஆயினும் இங்கே மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். தனியே ஆடுவோரின் தவறு அவரையே சாரும். ஐவராய் ஆடும்போது ஒருவரின் தவற்றுக்கு நால்வர் விலை கொடுக்கின்றனர். முன்பின் அறியாத அந்நால்வரின் முக்கால் மணி நேரத்தை நம் ஆராய்ச்சிக்குப் பலியிடுதல் நாகரிகமன்று. ஆகவே கூட்டாட்டத்திற் புகுவோர் முதற் சில நாட்களில் வழிகாட்டியைத் தழுவி நடப்பது மரியாதையுமாகும். சோதனைகளைக் கணினியை எதிர்த்து ஆடும் பயிற்சி ஆட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

படிக்கும் முறை

அங்ஙனமாயின் புதியவர் செய்யத்தக்கது யாது? முதலில், வழிகாட்டி ஏதும் இன்றிச் சிறிது நேரமேனும் ஆடிப் பார்த்தல் வேண்டும். எதில் இடர்ப்படுகின்றோம் என்பதை அறியாதவருக்கு எந்த விடையும் விளங்காது. அடுத்து, ஒரே ஒரு வழிகாட்டியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். மூன்று வழிகாட்டிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்தால் எதன் பயனும் கிட்டாது. 'இதனை எடு, அதனை விடு' எனக் கட்டளை மட்டும் இடுவதை விலக்கி, ஏன் என்று கூறுவதைக் கொள்ளுதல் நன்று. காரணம் தெரிந்தால், விதி மாறிய நாளிலும் தாமே திருத்திக்கொள்ளலாம். கட்டளை மட்டும் தெரிந்தவர் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கவேண்டும்.

பாத் ஒஃப் எக்ஸைல் ஆடுவோருக்கு 'பாத் ஒஃப் பில்டிங்' என்னும் இலவசக் கணிப்புக் கருவி ஒன்று உண்டு. வழிகாட்டியுடன் வரும் நீண்ட குறியீட்டை அதில் இட்டால் பாத்திரத்தின் முழு அமைப்பும் தோன்றும். பலர் அதைப் பார்த்து அப்படியே படியெடுப்பதோடு நின்றுவிடுகின்றனர். அதில் ஒரு கணுவை நீக்கிப் பார்த்தால் தாக்கும் வலிமை எவ்வளவு குறைந்தது, உயிர்வலி எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணாகவே காணலாம். பத்துக் கணுக்களை இங்ஙனம் நீக்கிப் பார்த்தவர், நூறு பக்கம் படித்தவரிலும் மிகுதியாகக் கற்பார்.

இறுதியாக, ஒரு பாத்திரத்தை வழிகாட்டியின்படி ஆடி முடித்தபின், அடுத்த பாத்திரத்தை ஏடு மூடி ஆடிப் பார்த்தல் வேண்டும். அது தோற்கலாம். தோற்ற இடத்திற் சென்று வழிகாட்டியைத் திறந்தால், முன்பு கண்ணில் படாத வரியொன்று இப்பொழுது பொருளோடு எதிர்ப்படும்.

மாணவர் இதனைத் தம் படிப்போடு ஒப்பிட்டு நோக்கலாம். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களுக்கு எழுதப்பட்ட மாதிரி விடைகள் பயனுடையனவே. கணக்கின் வழியைத் தாமே ஒருமுறை முயன்று, தடைப்பட்ட இடத்தில் விடையைத் திறப்பவருக்கு அது ஆசிரியராகின்றது. முயலுமுன்னே விடையை மனனஞ் செய்தவர், எண்ணொன்று மாறிய வினாவின் முன்னே திகைத்து நிற்கின்றார். மந்திரக்காரியின் தீப் பலிக்காத பகைவனும் அந்த மாறிய வினாவும் புகட்டும் பாடம் ஒன்றே.

எனவே, பிள்ளை வழிகாட்டியைப் படிப்பதைக் காணும் பெற்றோர் அதனைத் தடுக்கவேண்டியதில்லை. 'ஏன் இதை எடுக்கச் சொல்லியிருக்கின்றது?' என்று அருகிருந்து ஒரு வினா வினவினாற் போதும். பிள்ளை காரணம் கூறுமாயின் அந்த வழிகாட்டி தன் பணியைச் செய்துவிட்டது. 'அப்படித்தான் போட்டிருக்கின்றது' என்று விடை வருமாயின், ஏட்டை மூடிவிட்டுச் சிறிது தோற்றுப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்க.