கடலே இல்லாத தீவுக்கு ஒரு நாள் பயணம்... தெரியுமா?

தீவுக்குப் போகப் படகு வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! வத்தலக்குண்டில் காலைக் காபியைக் குடித்துவிட்டுக் கொடைக்கானல் பஸ் ஏறுங்கள்.

● தென்மேற்குப் பருவ மேகம் மேற்கு மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை மறைவில் கிடக்கும் அடிவாரம் முள்ளும் புழுதியுமாகக் காய்கிறது. அந்த வெயில்தான் கடல்! ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். 2,100 மீட்டரில் ஸ்வெட்டரோடு கரையேறுகிறோம். சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் இந்த உச்சிகளுக்கு அறிவியலார் வைத்த பெயரே 'வான்தீவுகள்'!

● சோலைக்குள் யாரோ சிரிக்கிறார்களா? அது சிரிப்பான் பறவை! பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நீலகிரியில் இருப்பது வேறு இனம், இந்தப் பக்கம் பழனிமலையில் இருப்பது வேறு இனம். அந்தக் கணவாயைக் கடப்பது நமக்கு ஒரு மணி நேர கார் பயணம். அதற்கோ தாண்ட முடியாத கடல்!

● இங்கே வாழும் நீலநிறச் சோலைக்குருவியின் பேரினத்துக்கு 2017இல் சூட்டிய பெயர் 'சோலிகோலா'. அதாவது, சோலைவாசி! லத்தீனுக்குள் நம்ம ஊர்ச் சொல்!

● தவளை என்றால் முதலில் தலைப்பிரட்டைதானே? கொடைக்கானல் புதர்த்தவளையிடம் அந்தக் கதையே கிடையாது! முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளியே வரும். குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம், ஈரம் போதும்!

● நம் மாநில விலங்கு வரையாடு. மரபணுவைப் பார்த்தால் வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய சொந்தம்!

● குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் மலைமுழுக்கப் பூக்கும். 2006, 2018... அடுத்தது 2030! இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

● தீவும் மூழ்குமா? மூழ்குகிறதே! 1973க்கும் 2014க்கும் இடையே பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது. பெரும்பகுதியை விழுங்கியது தண்ணீரல்ல, வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை, பைன், தைலமரங்கள்! பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்று இனி ஏமாறாதீர்கள்.

மாலையில் காது அடைக்க, கொண்டை ஊசி வளைவுகளில் நாம் இறங்கிவிடுவோம். மலை இன்னும் சூடானால் நாம் அடுத்த மலைக்குப் போகலாம். சிரிப்பானுக்கு ஏற மேலே மலையில்லை. கீழே இறங்கினால் வெயில் கடல்!