ஏழு என்று வைத்துக்கொள்வோம்

மொபைல் சார்ஜர் ஒன்று வாங்குகிறீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 590 ரூபாய். வரிக்கு முந்தைய விலை என்ன? 590-இல் 18 சதவீதத்தைக் கழித்து, 483 ரூபாய் 80 காசு என்று சொல்லத் தோன்றும். தப்பு. வரி போட்டது 590-க்கு அல்ல; நமக்குத் தெரியாத அசல் விலைக்கு.

கணக்குத் தெரிந்த கடைக்காரர் வேறு வழியில் போவார்: "அசல் நூறு ரூபாய்னு வச்சுக்குங்க சார். வரியோட நூத்திப்பதினெட்டு. 590-ல எத்தனை 118 இருக்கு? அஞ்சு. அப்போ அசல் ஐந்நூறு." விலை நூறு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தவறான விடையைத் தூண்டிலில் மாட்டி, சரியான விடையைப் பிடிக்கிறார்.

இந்த உத்தி மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழசு. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர், பழைய சுவடி ஒன்றைப் பார்த்துப் பாப்பிரஸ் சுருளில் கணக்குகளைப் பிரதியெடுத்தார். சுருள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 24-ஆவது கணக்கு: ஓர் அளவோடு அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் 19, அந்த அளவு எது?

ஆமெஸ் 7 என்று வைத்துக்கொள்கிறார். 7-இல் ஏழில் ஒரு பங்கு, பின்னத் தொல்லையில்லாமல் 1 ஆகிவிடும். கூட்டினால் 8. வேண்டியதோ 19. எனவே 19-ஐ எட்டால் வகுத்து ஏழால் பெருக்குகிறார். விடையை அவர் 16, அரை, எட்டில் ஒன்று எனத் துண்டு துண்டாக எழுதினார். நம் தாத்தாக்கள் கணக்கில் அது பதினாறரையே அரைக்கால்!

ஆனால் இந்தத் தூண்டிலில் எல்லா மீனும் சிக்காது. 2013-இல் தமிழக அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தூரம் இரண்டு மடங்கானால், அதாவது 3.6 கிலோமீட்டர் போனால், கட்டணம் 50 ஆகாது. 46 ரூபாய் 60 காசுதான். மாறாத 25 குறுக்கே நிற்பதால் மடங்குக் கணக்கு உதைக்கிறது. இங்கேதான் x தேவைப்படுகிறது. முதல் 1.8 கிலோமீட்டருக்குப் பிறகு போன தூரம் x கிலோமீட்டர் என்போம். மீட்டர் 61 ரூபாய் காட்டினால், 25 + 12x = 61. இருபுறமும் 25-ஐக் கழித்தால் 12x = 36; x = 3. ஆக, மொத்தம் போன தூரம் 4.8 கிலோமீட்டர்.

ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்தான், இந்த x கணக்கின் பெயரான அல்ஜீப்ரா ஆனது. பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவை ஆகியவற்றுக்கு உதவவே அதை எழுதினார். அதில் x கிடையாது, எல்லாம் வார்த்தைகள்தான். அல்ஜீப்ரா பிறந்ததே வாக்கியக் கணக்கில்தான்.

எந்த வழியில் போட்டாலும், கடைசியில் விடையைக் கணக்குக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 500-க்கு 18 சதவீதம் 90. கூட்டினால் 590. பில் சரி.