கடல் ஏன் குடல் ஆயிற்று?

விருத்தாசலம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோயில் எவ்வளவு பிரசித்தமோ, அவ்வளவு பிரசித்தம் அவ்வூர்ப் பீங்கான் தொழில். கொலு பொம்மைகளும் அகல் விளக்குகளும் அங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது” என்ற பழமொழியை அங்கே பொம்மை வார்க்கும் தொழிலாளியிடம் சொன்னால் அவர் சிரிப்பார். களிமண் கூழை அச்சில் ஊற்றினால் அச்சில் உள்ள உருவந்தானே வரும்? பிள்ளையார் அச்சில் குரங்கு எப்படி வரும்?

ஆனால், அந்தப் பொம்மைகளுக்கு விலைப்பட்டியல் தயாரிக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காரும் குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வராது. நாம் ஒன்றை அடிக்க வேறொன்று வந்து விழும் விந்தை அவருக்குப் பழக்கமானது. அடைப்புக்குறிக்குள் ஆங்கில ‘ஏ’ போட்டுக் களிமண் என்று எழுதுகிறார்; ‘பி’ போட்டு பெல்ஸ்பார் என்று எழுதுகிறார்; மூன்றாவதாக ‘சி’ போட்டால், அது வட்டத்துக்குள் சி ஆகிவிடுகிறது! அதாவது, பதிப்புரிமைக் குறி. மூன்றாவது சரக்குக்கு மட்டும் யாரோ உரிமை கொண்டாடுவது போல் ஆகிவிட்டது!

கேளாமல் செய்யும் உபகாரம்

இது எந்தப் பூதத்தின் வேலையும் அன்று. வேர்டு போன்ற எழுத்துச் செயலிகளில் ‘ஆட்டோகரெக்ட்’ என்றும் ‘ஆட்டோபார்மட்’ என்றும் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். முதல்வர் பிழை என்று தமக்குத் தோன்றுவதைத் திருத்துவார். இரண்டாமவர் எழுதியதை அழகுபடுத்துவார். இருவரும் நம்மைக் கேட்பதில்லை.

இந்தத் தானியங்கித் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் உருவாக்கியவர் டீன் ஹாக்கமோவிட்ச் என்பவர். 1993-ல் வெளிவந்த வேர்டு 6-ல் அது இடம் பெற்றது. வேகமாக அடிக்கும்போது ஆங்கிலச் சொற்களில் எழுத்துகள் முன் பின்னாக மாறி விழுவது சகஜம். அவற்றைத் தானே சரிப்படுத்தினால் நல்லதுதானே என்பது எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால், ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை தமிழுக்கும் பொருந்துமா?

யளனகபக படித்தவர் பட்ட பாடு

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘யளனகபக’ என்று விரல் பழகியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த விசை வரிசையை ஒட்டி அமைந்ததே ‘பாமினி’ என்ற எழுத்துரு. திரையில் தெரிவது தமிழ். ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் குறித்துக் கொள்வது ஆங்கில எழுத்து. சின்ன ‘எஃப்’ என்றால் க. பெரிய ‘எஃப்’ என்றால் கு. சின்ன ‘ஜி’ ப. பெரிய ‘ஜி’ பு. சின்ன ‘சி’ உ. பெரிய ‘சி’ ஊ.

ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். நாம் மறந்தாலும் வேர்டு மறப்பதில்லை. ஆகவே, “கடல் கொந்தளித்தது” என்று வாக்கியத்தைத் தொடங்கினால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் “குடல் கொந்தளித்தது” என்று ஆகிவிடும்! ‘படம்’ என்று தொடங்கினால் ‘புடம்’. ‘உடல்’ என்று தொடங்கினால் ‘ஊடல்’. அடித்தவர் மீது தவறில்லை. ஆனால் திருமணப் பத்திரிகையிலோ இரங்கல் அறிவிப்பிலோ அது அச்சாகிவிட்டால் பழி யார் தலையில் விழும்?

2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் இல்லை. எனவே கடல் கடலாகவே இருக்கும். ஆனால் பாமினியில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை தீரவில்லை.

நான்காவது ஷரத்து எது?

யூனிகோடுக்கு மாறியவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஒரு கொட்டகைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதுவதாக வைத்துக் கொள்வோம். ‘1’ போட்டு, புள்ளி வைத்து, முதல் ஷரத்தை எழுதி முடித்தால், அடுத்த வரிக்கு 2 என்ற எண்ணை வேர்டு தானே போட்டுவிடும். சௌகரியந்தான்! ஆனால், நடுவில் புதிய ஷரத்து ஒன்றைச் செருகினால் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒவ்வொன்று நகர்ந்துவிடும். “மேற்படி 4-வது ஷரத்தின்படி” என்று கையால் அடித்த வாசகமோ நகராமல் அப்படியே நிற்கும். முன்பணத்தைப் பற்றிய ஷரத்து 5 ஆகிவிட்டது. வாசகம் 4 என்கிறது. இப்படித்தான் வழக்குக்கு வித்து விழுகிறது.

சூளையில் ஒரு சைபர்

வேர்டின் உடன்பிறப்பு எக்செல் என்ற கணக்கு அட்டவணை. அதன் உபகாரம் இன்னும் அபாயமானது. பீங்கான் தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். சூளையின் வெப்பத்தை அறியச் சிறு கூம்புகளை உள்ளே வைப்பது உலகெங்கும் உள்ள முறை. உரிய வெப்பம் ஏறியதும் கூம்பு வளையும். ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் என்பவர் 1886-ல் கண்ட முறை இது. பிறகு அமெரிக்காவில் எட்வர்டு ஆர்ட்டன் இதைப் பின்பற்றினார்.

இந்தக் கூம்புகளுக்கு எண் உண்டு. ஆர்ட்டன் வரிசையில் 06 என்றால் சுமார் 1000 டிகிரி சென்டிகிரேடு. 6 என்றால் சுமார் 1220 டிகிரி. முன்னால் உள்ள அந்த ஒரு சைபரில் 220 டிகிரி வித்தியாசம் அடங்கியிருக்கிறது! எக்செல் கட்டத்தில் 06 என்று அடித்துப் பாருங்கள். “எண்ணுக்கு முன் சைபர் எதற்கு?” என்று அதை விழுங்கிவிட்டு 6 என்று காட்டும். அந்தக் குறிப்பை நம்பிச் சிவப்பு மண் சாமானைச் சுட்டால், அது உருக்குலைந்து போகும்.

விஞ்ஞானிகளே தோற்றார்கள்

இது ஏதோ சிறு பட்டறைச் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘செப்ட் 1’, ‘மார்ச் 1’ என்ற பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைச் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாக்கிவிட்டது. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? யந்திரம் மாறவில்லை, 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்! ‘செப்ட் 1’ இப்போது ‘செப்டின் 1’. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல்லில் மைக்ரோசாப்ட் சேர்த்தது 2023-ல்தான்.

கடிவாளம் எங்கே?

நல்லவேளையாக, கடிவாளம் நம் கையில் இருக்கிறது. யந்திரம் எதையாவது மாற்றியவுடன், வேறு எதையும் தொடாமல், ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘இஸட்’ விசையை அழுத்துங்கள். நீங்கள் அடித்தது அப்படியே திரும்பி வரும்.

நிரந்தரமாக நிறுத்த வேண்டுமானால், வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், புரூபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஆட்டோகரெக்ட் பக்கத்தில், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் கட்டளைக்கு எதிரே உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள். பாமினிக்காரர்களுக்கு இது முதல் காரியம். கீழே உள்ள பட்டியலில் அடைப்புக்குறி ‘சி’யைத் தேர்ந்து நீக்கிவிடலாம். தானாக எண் போடுவதும், மூன்று சிறு கோடு போட்டால் பக்கம் முழுக்கக் கோடு இழுப்பதும் ‘ஆட்டோபார்மட் ஆஸ் யூ டைப்’ என்ற பக்கத்தில் இருக்கின்றன. லிபர் ஆபீஸில் ‘டூல்ஸ்’ பட்டியலில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் உண்டு. கூகிள் டாக்ஸில் அதே ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘பிரிபரன்சஸ்’ என்று இருக்கும். எக்செல்லில் சைபரைக் காப்பாற்ற, எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. ஆங்கிலக் கடிதமே எழுதுகிறவருக்கு எழுத்துத் திருத்தம் உதவிதான். ஒப்பந்தம் எழுதுகிறவர் எண் போடுவதை நிறுத்தட்டும். சூளைக் கணக்கு எழுதுகிறவர் சைபரைக் காக்கட்டும். அவரவர் தொழிலுக்கு எது இடைஞ்சலோ அதை மட்டும் நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

பழைய டைப்ரைட்டரில் தவறு விழுந்தால் அது நம் விரல் செய்த தவறு. விழுந்தவுடன் காகிதத்தில் தெரியும். இன்றைய தவறோ நாம் அடித்து முடித்த பிறகு, நமக்குத் தெரியாமல் வருகிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பத்திரத்தின் கீழே இருக்கப் போவது யந்திரத்தின் பெயரல்ல, உங்கள் பெயர்தான்.