உங்களுக்குத் தெரியுமா? சுரண்டினாலும் போகாத எழுத்து

★ இடைக்கால ஐரோப்பாவின் துறவி மடங்களில் எழுதப் பயன்பட்ட மசிக்கு வேண்டிய சரக்கு நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் வகை ஒன்று, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிறோமே, அதே மாசிக்காய். ஓக் மரத்தின் இளங்கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் திரட்டிக் கட்டும் உருண்டை அது. இடித்து ஊறவைத்த துவர்ப்புத் தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்தால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருக்கும். பேனாவிலிருந்து நீர்த்து ஓடாமல் பிசின் பிடித்து வைக்கும். எழுதும்போது வெளிறித் தெரிகிற எழுத்து, காற்றுப் பட்டுப் பட்டுக் கருகருவென்று ஏறும். மேலாகப் படிந்து நிற்காமல் தோலுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்வது இந்த மசியின் குணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

★ தோல் என்றேனே, அவர்கள் ஏடு செய்தது கன்று, செம்மறி, வெள்ளாடு இவற்றின் தோலில்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மயிர் கழித்து, மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்குவார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடம் இழுவையில் விரிந்து முட்டை வடிவ ஓட்டையாகிவிடும். அதற்காக யாரும் ஏட்டைத் தூக்கிப் போடவில்லை. எழுதுகிறவர் ஓட்டையின் விளிம்புவரை வந்து, தாண்டி, மறுகரையில் சொல்லைத் தொடர்ந்திருக்கிறார். சில ஓட்டைகளை வண்ணப் பட்டு நூலால் பூவேலைபோலத் தைத்து மூடியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தையல்கள், தங்கம் பூசிய பக்கங்களைவிட அழகாகத் தெரிகின்றன.

★ வட இங்கிலாந்தின் வேர்மவுத்–ஜாரோ இரட்டை மடத்தில் முழு பைபிளை மூன்று பிரதிகள் எழுதினார்கள். அவற்றில் ஒன்றை ரோமில் போப்பின் கையில் சேர்ப்பதற்காக, முதுமையில் பதவியைத் துறந்துவிட்டு 716-இல் புறப்பட்டார் மடாதிபதி செயோல்ஃப்ரித். வழியிலேயே, இன்றைய பிரான்ஸில் உள்ள லாங்ரஸ் ஊரில் இறந்துபோனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள், 30 கிலோவுக்கு மேல் கனம். அந்த நூல் பின்னாளில் இத்தாலியின் அமியாட்டா மலை மடத்தில் இருந்தது. அங்கே யாரோ காணிக்கைப் பக்கத்தில் செயோல்ஃப்ரித்தின் பெயரைச் சுரண்டிவிட்டு வேறொரு மடாதிபதியின் பெயரை எழுதிவிட்டார்கள். இத்தாலியில் செய்த நூல் என்றே பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அறிஞர்கள் அந்தச் சுரண்டலின் அடியில் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். மற்ற இரண்டு பிரதிகள்? முழுதாக எதுவும் இல்லை. ஒன்றின் சில ஏடுகள் கிடைத்த இடம், ஓர் இங்கிலாந்துப் பண்ணைக் குடும்பத்தின் நிலக் கணக்குக் கட்டு. மேலுறையாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

★ எகிப்தின் சீனாய் மலையடிவாரத்தில் இருக்கிறது புனித கேத்தரின் மடம். 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் கட்டியது, அன்றுமுதல் இன்றுவரை துறவிகள் தொடர்ந்து வாழ்கிறார்கள். மதிலுக்குள்ளேயே ஒரு மசூதியும் உண்டு. கிரேக்கம், அரபு, சிரியாக், ஜார்ஜியம் எனப் பல மொழிகளில் 3,300-க்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்கள் அங்கே இருக்கின்றன. பாலைவனத்தின் வறண்ட காற்று பாதிக் காவல், துறவிகளின் பிடிவாதம் மீதிக் காவல்.

அந்தப் பாலைவனத்தில் புதுத்தோலுக்கு எங்கே போவது? பழைய நூல் ஒன்றின் எழுத்தைக் கழுவிச் சுரண்டிவிட்டு, அதே ஏட்டில் புதிதாக எழுதுவார்கள். இப்படிப்பட்ட ஏட்டுக்கு பாலிம்ப்செஸ்ட் என்று பெயர். அழிக்க நினைத்த எழுத்து, கவ்விக்கொண்ட மசியின் தயவில் மங்கலாக அடியில் கிடக்கும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸும் மார்கரெட் டன்லப் கிப்சனும் 1892-இல் ஒட்டகம் ஏறி அங்கே போனார்கள். இருவரும் நடுவயதினர், கணவரை இழந்தவர்கள், மொழிகளைத் தாங்களே தேடிப் படித்தவர்கள். துறவிகளிடம் கிரேக்கத்திலேயே பேசினார்கள். மடம் எடுத்துக் காட்டிய ஒரு சிரியாக் நூலில் பெண் புனிதர்களின் வரலாறு எழுதியிருந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஆக்னஸ் கெண்டியில் வெந்நீர் கொதிக்கவைத்து, அந்த ஆவியைக் காட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். வரிகளின் அடியில் இன்னொரு எழுத்து நிழலாடியது. அது நற்செய்தி நூல்களின் மிகப் பழைய சிரியாக் மொழிபெயர்ப்புகளில் ஒன்று! படம் பிடித்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் திரும்பினார்கள். பெண்களுக்குப் பட்டம் தராத பல்கலைக்கழகம் அன்று அது. அங்கிருந்த அறிஞர்கள் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு வியந்துபோனார்கள்.

★ கெண்டி ஆவிக்கு அடுத்து ஒளி வந்தது. புற ஊதாக் கதிர் பட்டால் தோல் மெல்ல ஒளிரும், மசியின் எச்சம் இருக்கும் இடம் மட்டும் ஒளிராமல் கறுத்து நிற்கும். இப்படிப் பல நிற ஒளிகளில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, கணினியில் அடுக்கிப் பார்த்தால் அடி எழுத்து எழும்பி வரும். சீனாய் மடத்தில் 2011 முதல் ஐந்தாண்டு உழைத்து 74 பாலிம்ப்செஸ்ட் நூல்களை இப்படிப் படமெடுத்தார்கள்.

★ அதே மடத்திலிருந்து வெளியே போன இன்னொரு நூலும் இப்படிப் பேசியது. மேலே இருந்தது, சீனாயிலேயே மடாதிபதியாக வாழ்ந்த யோவான் கிளைமாக்கஸின் நூல். அடியில் விண்மீன்களின் இருப்பிடக் கணக்கு! கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் தொகுத்து, தொலைந்தேபோனதாகக் கருதப்பட்ட விண்மீன் பட்டியலின் ஒரு துண்டு என்று 2022-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எப்படி உறுதி செய்தார்கள்? பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லச் சுழல்வதால் விண்மீன்களின் இடம் நூற்றாண்டுதோறும் சிறிது நகரும். ஏட்டில் இருந்த எண்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, அவை ஹிப்பார்க்கஸ் வானம் பார்த்த காலத்துக்குப் பொருந்தின.

★ ஒரு மொழியே அடியில் கிடந்த கதையும் உண்டு. இன்றைய அஜர்பைஜான் பகுதியில் வழங்கி மறைந்த மொழி காக்கேசிய அல்பேனியம். அதற்குச் சொந்த எழுத்து இருந்தது. ஆனால் நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே எண்ணியிருந்தார்கள். எழுத்து வரிசையை மட்டும் ஓர் ஆர்மீனியக் கையெழுத்து நூல் குறித்துவைத்திருந்தது, சில கல்வெட்டுத் துண்டுகளும் இருந்தன. சீனாய் மடத்தில் 1975-இல் ஒதுக்குப்புறமான ஓர் அறையில் புதிதாக வெளிப்பட்ட ஏட்டுக் குவியலில் ஜார்ஜிய எழுத்துக்கு அடியில் அந்த மொழி இருந்ததை, 1990-களில் ஜார்ஜிய அறிஞர் ஸாஸா அலெக்சிட்ஸே கண்டார். படித்துப் பதிப்பித்தபோது, இன்று சில ஆயிரம் பேர் பேசும் ஊடி மொழிக்கு அதுதான் மூதாதை என்பது தெளிவானது.

★ சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மட நூலகத்தில், 1,200 ஆண்டுப் பழமையான ஒரு கட்டட வரைபடம் இருக்கிறது. ஐந்து தோல் துண்டுகளை ஒன்றாகத் தைத்து வரைந்த முழு மடம். கோழிக்கூடு, வாத்துக்கூடு, கழிப்பறை, 16 மூலிகைப் பாத்திகள், எழுதும் அறை, அதன் மேல்மாடியில் நூலகம். இந்த வரைபடப்படி எதுவும் கட்டப்படவில்லை. பின் எதற்கு வைத்திருந்தார்கள்? 12-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அதன் பின்பக்கத்தில் புனித மார்ட்டினின் வரலாற்றை எழுதி, புத்தகம்போல் மடித்துவைத்தார். இடம் போதாமல் முன்பக்கத்து மூலையிலிருந்த கட்டடம் ஒன்றை அழித்துவிட்டு, கடைசி வரிகளை அங்கே முடித்தார். புனிதரின் கதைக்காகக் காக்கப்பட்ட தோலில் வரைபடமும் பிழைத்தது.

★ அதே ஊரில் 926-இல் மாகியர் படை வருகிற செய்தி பரவியது. சுவர் எழுப்பி அடைத்த சிற்றறையில் தவமிருந்த விபோராடா என்ற பெண், முதலில் புத்தகங்களைக் காப்பாற்றுங்கள், பொன்னும் வெள்ளியும் அப்புறம் என்று மடாதிபதிக்குச் சொன்னதாக வரலாறு. புத்தகங்கள் ரைஷனாவ் தீவு மடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. விபோராடா அறையை விட்டு வர மறுத்தார், படையினர் கையில் உயிரிழந்தார். ஐரோப்பிய நூலகர்கள் அவரைத் தங்கள் காவல் புனிதராகக் கொண்டாடுகிறார்கள். இன்று அந்த நூலகத்துக்குள் போனால், மரத்தரை தேயாமல் இருக்க, செருப்புக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிவிடுவார்கள்.

★ 1712-இல் நடந்த சண்டையில் சூரிச் படை செயின்ட் கேலன் ஏடுகளை அள்ளிக்கொண்டு போனது. திரும்பி வராத ஏடுகளைப் பற்றிய தகராறு 2006-இல்தான் சமரசமாக முடிந்தது.

★ ஜெர்மனியின் டால்ஹைமில் இருந்த பெண் துறவியர் மடத்தின் நூல் ஒன்றுகூட இன்று இல்லை. அங்கே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட, நடுவயதுப் பெண் ஒருவரின் பற்காரையை ஆராய்ந்தவர்கள், உள்ளே நீலத் துகள்கள் மின்னுவதைக் கண்டார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து பொன்னுக்கு நிகராக விலைபோன லாப்பிஸ் லசூலிக் கல்லின் தூள். தூரிகை நுனியை நாக்கில் நனைத்துக் கூராக்கி ஓவியம் தீட்டியிருக்க வேண்டும் என்பது 2019-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. அவ்வளவு விலையுயர்ந்த நீலத்தைத் தேர்ந்த கைகளிடம்தான் கொடுப்பார்கள். அவர் பெயர் எங்கும் இல்லை. ஏடு எழுதியவர்கள் எல்லாம் ஆண்கள் என்று எழுதிவந்த எத்தனையோ பக்கங்களை இந்த ஒரு பல் திருத்தியிருக்கிறது.

★ ஓர் ஏடு எந்த விலங்கின் தோல் என்று அறிய, இப்போது துணுக்கு வெட்ட வேண்டியதில்லை. சாதாரண ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உதிரும் பிசிறைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் போதும்.

★ ஈராக்கின் மோசுல் நகருக்கு அருகே மார் பெஹ்னாம் மடம். 2014-இல் ஐ.எஸ். படை அதைக் கைப்பற்றியது, அடுத்த ஆண்டு புனித பெஹ்னாமின் கல்லறையைத் தகர்த்தது. படை வருவதற்கு முன்பே அங்கிருந்த பாதிரியார் ஒருவர், நூற்றுக்கணக்கான சிரியாக் ஏடுகளை இரும்பு டிரம்களில் அடைத்து, ஒரு சேமிப்பறையில் வைத்து, முன்னால் பொய்ச்சுவர் எழுப்பிப் பூசிவிட்டார். இரண்டாண்டுக்கு மேல் அந்தப் படை சுவருக்கு இந்தப் பக்கம் நடமாடியது. 2016 நவம்பரில் மடம் மீட்கப்பட்டபின், பூச்சை உடைத்து உள்ளே கைவிட்டார்கள். டிரம்களில் எல்லாம் அப்படியே இருந்தன.